ஆறாவது கூடை

கல்லூரி வளாகத்தில், தட்டைக் கூடைக்குள் எறிந்து விளையாடும் அந்த டிஸ்க் கோல்ஃப் மைதானத்தை அமைத்தவன் ஒருநாளாவது அங்கே தட்டெறிந்து பார்த்திருக்கமாட்டான். ஆறாவது கூடை மேட்டுக்கு அப்பால், பள்ளத்தில் நின்றது. எறிகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. கீழே ஒருவர் நின்று, தட்டு விழுந்த இடத்தைக் கத்திச் சொல்லவேண்டும். குலேந்திரனுக்கு அறைத்தோழன் நிமலன் கத்துவான்.

தொண்ணூற்றாறு நவம்பரில் ஒரு சனிக்கிழமை நிமலனுக்கு வேலை. குலேந்திரன் அவர்கள் அறை எடுத்திருந்த மல்வேர்னிலிருந்து தனியே பஸ் ஏறி வந்து, புதுப்பனியில் விளையாடினான். ஆறாவதில் எறிந்துவிட்டு, பழக்கதோஷத்தில், "எங்கையடா விழுந்தது?" என்று கத்தினான்.

"கூடைக்குக் கிட்ட, அண்ணை! மெல்ல இறங்குங்கோ, வழுக்கும்."

இறங்கினான். தட்டு கூடைக்குக் கிட்டத்தான் கிடந்தது. பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

பயந்துதான் போனான். ஆனாலும் அந்தக் குரல் குளிரில் நடுங்கியிருந்தது. கையுறைகளைக் கழற்றிக் கூடைக்குள் வைத்துவிட்டு நடந்தான்.

அடுத்த சனிக்கிழமை கையுறைகள் அங்கேயே இருந்தன. மேலே பனி மூடியிருந்தது. தட்டிவிட்டு மாட்டினான். உள்ளே இளஞ்சூடு, யாரோ அப்போதுதான் கழற்றியதுபோல.

கழற்றித் திரும்பவும் கூடைக்குள் வைத்தான்.

"நீயே வைச்சிரு, தம்பி. என்னட்டை வேறை கிடக்கு," என்று வெறும் பனியைப் பார்த்துச் சொன்னான்.

அவனிடம் வேறு சோடி இருக்கவில்லை.