ஓசூர் பந்த்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓசூர் கடைத்தெருவில் ஒரு ஷட்டர்கூட ஏறவில்லை.

ஸ்பீக்கருக்கு ஒயர் வாங்க வந்த சம்பங்கிக்கு ஒன்றும் புரியவில்லை. எலெக்ட்ரிக் கடைக்காரர் மூடிய கடையின் படியில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணா, கடை தொறக்கலையா?"

"இன்னைக்குப் பந்த் இல்லே?"

"யாரு பந்த்?"

"ஏம்ப்பா, என்னைக் கேக்கறே? உம் பேருதான் போட்டிருக்குது."

சம்பங்கி திரும்பிப் பார்த்தான். சுவரில் அவனுடைய போஸ்டர். சிவப்பு எழுத்தில், 'ஞாயிறு, ஓசூர் பந்த். மாலை 4 மணி, ராயக்கோட்டை ரோடு மைதானம். பாட்டு: சம்பங்கி. அனைவரும் வருக.'

அவன் எழுதிக் கொடுத்தது தன் பாட்டுக்குழுவின் பேர், 'ஓசூர் பேண்ட்'.

எல்லையோரத்து ஊர் அது. பந்த் என்றால் முதலில் ஷட்டர் இறங்கும். யார், எதற்கு என்று மறுநாள்தான் விசாரிப்பார்கள். பந்த் என்றால் கூட்டம் உண்டு, கூட்டம் என்றால் பாட்டும் உண்டு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சம்பங்கி லேத் பட்டறை வேலை போக மிச்ச நேரத்தில் நாலு வருஷமாகச் சொந்தமாக எழுதி, எலெக்ட்ரிக் கிதாரில் பாடுகிறான். கல்யாண ரிசப்ஷனுக்குச் சினிமாப் பாட்டு பாடக் கூப்பிட்டால் போகமாட்டான். பெங்களூர் கேசட் கம்பெனிக்காரர் ஒருவர் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார். நூறு பேர் உட்கார்ந்து கேட்பதைக் கண்ணால் பார்த்தால் கேசட் போடுவாராம். கிருஷ்ணகிரியில் நடந்த போன கச்சேரிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் டிரம்ஸ் வாசிக்கும் ஆஞ்சப்பனின் வீட்டார்.

போஸ்டர் ஒட்டியவனும் ஆஞ்சப்பன்தான். பிடித்துக் கேட்டதற்கு அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் படிச்சது தெலுங்கு மீடியம்ண்ணா. பசை நல்லாப் பிடிச்சிருக்குதா, அதைச் சொல்லு."

சம்பங்கி அச்சகத்துக்கு ஓடினான். ஒருபக்கக் கதவு திறந்திருந்தது. அச்சுக்கோக்கும் கோவிந்தன் தலையைச் சொறிந்தார். 'ஓசூர்' என்று கோத்தால் அடுத்த எழுத்துக்குக் கை தானாகப் 'பந்த்'துக்குத்தான் போகிறது, பத்து வருஷப் பழக்கம் என்றார். அதோடு நிற்காமல் புரூஃப் தாளையும் எடுத்து நீட்டினார்.

அதில் 'மைதாணம்' என்று விழுந்திருந்ததைப் பச்சை மையில் 'மைதானம்' என்று திருத்தியிருந்தது. 'வருக'வுக்குப் பின்னால் விட்டுப்போன புள்ளிகூட வைத்திருந்தது. 'பந்த்'தை மட்டும் யாரும் தொடவில்லை. கீழே கையெழுத்து: கருப்பசாமி.

சம்பங்கிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கருப்பசாமி சாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஃபேக்டரியில் சங்கம் வைத்ததற்காக வேலை போய், இப்போது அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழைக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் ஃபேக்டரி வாசலில் நடந்த கேட் மீட்டிங்கில் அவர் சங்கத்துப் பாட்டைப் பாடச் சொன்னபோது, என் பாட்டைத்தான் பாடுவேன் என்று சம்பங்கி மறுத்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. 'கரண்டு போனா நின்னு போற பாட்டு' என்று டீக்கடைதோறும் சொல்லிவந்தார்.

அவர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளி உங்க கண்ணுக்குத் தப்பாதேண்ணா. இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

கருப்பசாமி தலை நிமிரவில்லை.

"நாலு மணிக்கு மைதானத்துக்குப் போய்ச் சேரு. லேட்டாப் போனா கூட்டம் சத்தம் போடும்."

நக்கல் வேறு. வயசில் பெரியவர் என்பதால் சம்பங்கி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினான்.

நாலு மணிக்கு மைதானத்தில் கால் வைக்க இடமில்லை.

துணிக்கடையில் சேலை பிரித்துக் காட்டும் பெண்கள், ஓட்டல் சர்வர்கள், மளிகை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். நானூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் தலை வாரி, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு. புத்தகம் பீரோவில் இருந்தது.

"கோரிக்கை என்னப்பா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

சம்பங்கி மைக்கைப் பிடித்தான். "பாட்டுக் கேளுங்க. அதான் கோரிக்கை."

ஆஞ்சப்பன் டிரம்ஸில் அடி போட்டான். 'ஏ ஷிப்டு உனக்கு, பி ஷிப்டு அவனுக்கு, எனக்குன்னு ஒரு ஷிப்டு எப்போ?' என்று சம்பங்கி எடுத்தான். மூன்றாம் முறை மைதானமே சேர்ந்து பாடியது. கேசட்காரர் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டார். முடிந்ததும் கையைக் குலுக்கி, பத்துப் பாட்டோடு பெங்களூருக்கு வரச் சொன்னார்.

கூட்டத்தின் கடைசியில் சைக்கிளில் சாய்ந்தபடி கருப்பசாமி நின்றிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

சம்பங்கி போய் நின்றான். அவர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார்.

"உன் பாட்டு எனக்கு இப்பவும் பிடிக்கலை."

"அப்புறம் ஏன்ணா அதை அப்படியே விட்டீங்க?"

"பேண்டுன்னு போட்டா பதினோரு பேருதான வருவான்?" இன்னொரு பாட்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்த துணிக்கடைப் பெண்களைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைகளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு விடச் சொல்லிப் பதினாறு வருஷமா நோட்டீஸ் அடிச்சேன், ஒரு பிழை இல்லாம. ஒருத்தனும் கடையை மூடலை."

பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார்.

"அடுத்த கச்சேரி எப்பன்னு சொல்லு. புரூஃப் நான்தான் பார்ப்பேன்."