மூத்த மருமகளைக் கொன்றது யார்?

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க. மூத்த மருமகளைக் கொன்னது யாருன்னு இன்னிக்குத்தான் சொல்லப் போறாங்க" என்றாள் மனைவி.

"கொழுந்தன்தான். எழுதி வெச்சுக்கோ."

"போங்க, மாமியார்தான்!"

ஒரு வருடமாக அந்தத் தொலைக்காட்சித் தொடரால் அவர்கள் வீட்டில் ஓயாத சண்டை. கூலிக்குக் கொல்வது அவன் தொழில். ஆள் யார், என்ன செய்கிறவர் என்று விசாரிப்பதில்லை என்பதை ஓர் ஒழுக்கமாகவே கடைப்பிடித்தான். புகைப்படமும் முகவரியும் போதும்.

அன்று காலை, கதவைத் திறந்த கண்ணாடிக்காரரைச் சுவரோடு அழுத்தி, விலாவில் கத்தியை வைத்தான்.

"தம்பி, ஒரு மணி நேரம் குடுப்பா. மதியத்துக்குள்ள ஒண்ணு எழுதிக் குடுக்கணும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

"எனக்கும் அவசரம்தான்யா. சீரியலுக்கு வீடு போய்ச் சேரணும்."

அவர் கண்கள் விரிந்தன. "எந்த சீரி…"

கத்தி இறங்கிவிட்டது. பிடிவரை செலுத்தித் திருகினான். குருதி பீறிட்டுச் சுவரை நனைத்தது. முனகல் அடங்கும்வரை வாயைப் பொத்தியிருந்தான்.

மாலையில் மனைவியருகே அமர்ந்தான். தொடருக்குப் பதிலாகத் திரையில் அதே கண்ணாடிக்காரரின் படம், கூடவே ஓர் அறிவிப்பு.

"தொடரின் எழுத்தாளர் இன்று காலை கொல்லப்பட்டார். கதையில் கொலையாளி யார் என்பதை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனவே தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது."

"எந்தப் பாவி பண்ணினான்? அவன் கை அழுகிப்போக!" என்று அலறிய மனைவி, சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க… காலையில நீங்க யார் வீட்டுக்குப் போனீங்க?"

அவன் ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தான்.

"சரி விடுடி. மாமியார்தான் கொன்னாள்னே வெச்சுக்கலாம்."