பச்சைப் புள்ளி

ஜெனிலா டீச்சர் அன்று காலையும் மூன்று கட்டுரைகளைத் திருத்தியிருந்தாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் ஞானரத்தினம் கணினியை ராபர்ட் பக்கம் திருப்பினார். "உங்க வீட்டம்மா தவறி நாலு மாசமாச்சு தம்பி. இது யாரு?"

ராபர்ட் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அணைத்தான். புள்ளி மறைந்தது.

"நான்தான் சார்."

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதி, இணையத்தில் வெளியிடும் இதழ் அது. ராஜபாளையத்துப் பள்ளியில் ஜெனிலா தொடங்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அவள் அதை விடவில்லை.

அடக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. காலாண்டுப் பரீட்சை நேரம், பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவரே ஞானரத்தினம்தான்.

"பரீட்சை முடியட்டும்னுதான் சொன்னேன். நாலு மாசம் ஏமாத்தச் சொன்னேனா? இன்னைக்குச் சாயங்காலம் இந்த ஐடியை மூடுதேன்."

"இந்த இதழ் முடியுற வரைக்கும் விடுங்க சார். வேற எதுவும் கேக்கல."

"புள்ளைக படிப்பு கெடுது தம்பி." அவர் பழைய திருத்தங்களைத் திறந்து காட்டினார். "நாகஜோதி சாம்பல் அணிலப் பத்தி எழுதுனது. திங்கக்கிழமை அம்புட்டும் சரியா இருக்கு. செவ்வாக்கிழமை அதையே அழிச்சுட்டு ஏழு தப்பு. நீங்க திருத்தித் திருத்தியே குழப்பி வச்சிருக்கீக."

ராபர்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அவ துணியெல்லாம் அத்தை கொண்டுபோயிட்டாக. போன் நம்பரும் போயிருச்சு. அவ பேரு எரியுறது இங்க மட்டும்தான் சார்."

ஞானரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்தார். "வாங்க. புள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க."

கணினி அறையில் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். தினமும் டீச்சரை பைக்கில் கொண்டுவந்து விட்ட அவனை எல்லாருக்கும் தெரியும். ராபர்ட் முன்னால் வந்து நின்றான்.

"உங்க மிஸ்... இனிமே..."

"தெரியும் சார்" என்றாள் முன்வரிசையில் நின்ற நாகஜோதி.

"ஏட்டி, யாரு சொன்னா?" ஞானரத்தினம் அதட்டினார்.

"யாரும் சொல்லல சார். மிஸ் ஒருநாளும் திருத்தித் தர மாட்டாக. தப்புல மஞ்சக் கோடு போட்டு, 'கண்ணத் தொறந்து பாருட்டி'ன்னு மட்டும் எழுதுவாக. திடீர்னு ஒருநாள் எல்லாமே திருத்தி வந்துச்சு. அன்னைக்கே கிளாஸ்ல அம்புட்டு பேரும் அழுதோம்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுமா இத்தனை நாளு..." என்றான் ராபர்ட்.

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு இல்லாத அன்னைக்கு பச்சைப் புள்ளி அணைஞ்சு நீங்க உடனே போயிருதீக சார். அதான், நாங்களே தப்பு போட்டோம்."