எந்தச் சங்கம்?

அம்சவல்லிக்கு நடந்தது அநியாயம். மருத்துவர் சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர அவள் இரண்டு தடவை எழுதிக் கேட்டும், அவள் சொந்த ஊர்ப் பக்கத்துப் பெரம்பலூர்க் கிளையின் செயலாளர் டாக்டர் வேணுகோபால் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் சாந்தாவை மட்டும் அதே கிளையில் கேட்ட வாரமே சேர்த்துக்கொண்டார்கள். இப்போது அவள் தஞ்சாவூரில் சங்கத்து நூலகத்திலிருந்து தலையணை தலையணையாகப் புத்தகம் எடுத்து வருகிறாள். பெரிய டாக்டர்கள் பேசும் மாதக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறாள். அவள் படித்து முடித்துத் தந்தால்தான் அம்சவல்லிக்குப் படிப்பு. பூலாம்பாடிக் கூலிக்காரர் மகள் அத்தனை புத்தகத்துக்கு வேறு எங்கே போவாள்?

போன பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது. இன்னொன்று போனால் உதவித்தொகை நிற்கும். அதோடு டாக்டர் கனவும் நிற்கும்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷத்து மே லீவு. வந்ததும் வராததுமாக அப்பா செல்லமுத்துவை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள்.

"நான் எதுக்கும்மா? விட்டுடேன். படிப்புதான முக்கியம்."

"பொங்கலுக்கு வந்தப்பவே சொன்னேன்ல. படிப்புக்குத்தாம்ப்பா இந்தச் சங்கமே. நீ ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல நில்லு, போதும்."

டாக்டர் வேணுகோபாலின் கிளினிக்கில் அப்பா பக்கத்தில் நிற்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது.

"சார், என்னை ஏன் சேர்க்கலைன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"படிப்பை முடிச்சுட்டு வாம்மா. அப்புறம் பார்க்கலாம்."

"முடிச்சப்புறம் எதுக்கு சார் மாணவர் உறுப்பினர்? தாலி கட்டினப்புறம் பொண்ணு பாக்குற மாதிரி."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு."

"சாந்தா பொறுக்கலையே. அவ உடையார்பாளையத்துப் பண்ணை வூட்டுப் பொண்ணு. நான் தெருக்கோடிக் கூலிக்காரன் மவ. அதான உங்க சட்டம்?"

காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் சுண்டிப் போயிற்று. அவர் பார்வை ஒரு கணம் கதவோரம் போய்த் திரும்பியது.

"அப்படியே வச்சுக்கம்மா."

வாயாலேயே ஒத்துக்கொண்டாயிற்று.

"கேட்டியாப்பா? நாளைக்கு மருந்து குடுக்கவும் இவரு தெரு பாப்பாரு. கெணத்துல தவறி விழுந்து சாகாம எங்கண்ணன் உசுரோட இருந்திருந்தா, இப்படிச் சொல்லிட்டு இந்த நாற்காலியில உக்காந்திருப்பீங்களா சார்?"

"செல்லமுத்து, பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

அப்பாவின் பெயரை அவள் சொல்லவேயில்லை.

"அப்பா, இவரை உனக்குத் தெரியுமா?"

செல்லமுத்து துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவர ஏசாதம்மா. பொங்கல் கழிச்சு நாந்தான் வந்து, எம்மவளச் சேக்காதீங்கன்னு கால்ல வுழுந்தேன். உங்கிட்டச் சொல்ல வேணாம்னும் சத்தியம் வாங்கிட்டேன்."

"இது வேற சங்கம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேம்மா," என்றார் டாக்டர், மேஜையைப் பார்த்தபடி. "அவருக்கு மனசு கேக்கலை."

"ஏம்ப்பா? சங்கம்னா உனக்கு என்னப்பா?"

செல்லமுத்து கதவோரத்தை விட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு மகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"உங்கண்ணன் தவறி வுழலம்மா. பண்ணையில கூலி ஒசத்திக் கேக்கணும், சங்கத்துல பேரு குடுத்துட்டு வரேன்னுதான் அவனும் போனான். மறுநா கெணத்துலேருந்துதான் தூக்கியாந்தோம்."