முதல் டிகாஷன்

செவிலிமேட்டு வீட்டுச் சமையலறையில், காப்பியில் கலக்கப்போகும் ரம் பாட்டிலை பூவராகவன் ஜரிகைச் சேலைபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நண்பர் ஆனந்தராஜுக்குக் காட்டுகிறார். "டிகாஷன் இறக்குறது ஒரு வித்தைப்பா. பொம்பளைங்க கைக்கு வராது." வாரா வாரம் இதே பிரசங்கம். காப்பி பில்டரைப் போட்டது அவர் மனைவி ஜீவிதாதான்; பாத்திரம் தேய்க்கிற அவள் கையில் நார் நெரிபடுகிறது. ரம்மும் வெல்லமும் சூடாகின்றன, டிகாஷன் கலக்கிறது, மேலே பாலாடை மிதக்கிறது. ஒரு வாய் குடித்ததும் பூவராகவனின் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. "ஸ்ட்ராங்கு எப்படி இருக்குது பாத்தியா? இதான் முதல் டிகாஷன்." முதல் டிகாஷனை ஜீவிதா முன்பே குடித்துவிட்டாள், அந்த டம்ளரைத்தான் தேய்க்கிறாள். அவர் குடிப்பது, அதே தூளில் மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றி வடிந்தது. "இன்னும் இருக்குதாம்மா?" என்று ஆனந்தராஜ் டம்ளரை நீட்டுகிறார். ஜீவிதா திரும்பவில்லை. "ஊத்த ஊத்த வரும்ணா."