சுழலியின் முதல் வேட்டை

ஐப்பசிக் காற்று சில்லென்று வீசியதுமே ஆற்று நீர்நாய்க் குடும்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மீன்கள் கூட்டமாக வரும் காலம் அது. அப்பா வேட்டைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மணல்திட்டில் தேங்காய் நெற்றை வைத்துக் கால்பந்து ஆடினார்கள். கோல்கீப்பர் சுழலி ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் அவள் மனமெல்லாம் அப்பாவிடம்தான் இருந்தது. போன வருஷம் அவளை வளையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"இந்தத் தடவை என்னையும் சேர்த்துக்கோங்கப்பா."

"இவளையா? மீன் இவளைத் தூக்கிட்டுப் போயிடும்," என்றான் அண்ணன்.

"நீ அடிச்சது ஒண்ணாவது இவளைத் தாண்டிச்சாடா?" என்ற அப்பா, சுழலியைப் பாறை இடுக்கில் நிறுத்தினார். "நாங்க மீனை விரட்டிட்டு வர்றோம். ஒண்ணும் உன்னைத் தாண்டக் கூடாது."

சுழலி முன்னங்கால்களை விரித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொந்தளித்தது. குடும்பத்துக்கே போதுமான ஒரு வாளைமீன் சீறி வந்தது. ஒரே பாய்ச்சலில் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டாள். ஆறெங்கும் ஆரவாரம்!

அடுத்த நொடி, பழக்கதோஷத்தில், அதை ஓங்கி நடு ஆற்றுக்கே திருப்பி எறிந்தாள்.

எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சுழலி மட்டும் துள்ளிக் குதித்தாள்.

"விடலையேப்பா! தாண்ட விடலையே!"