ஆறு மணிக்கு வருகிறவள்

நந்திதா நேராக உள்ளே வந்தாள். கமலேஷின் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள். பீரை அப்படியே சிமென்ட் தரையில் கவிழ்த்தாள்.

“எந்திரி. வீடு எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?”

எங்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கமலேஷ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மனைவியின் பின்னால் போனார்.

“ராணியம்மா உத்தரவு,” என்றார் பல்ராம். மறுபடி சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் கொட்டியது எங்கள் வீட்டு பீர்.

இது புதிதும் இல்லை. ஒரு மாதமாக, மாலை ஆறு மணி ஆனால் நந்திதா வந்துவிடுவாள். ஒரு நாள் அரிசி இல்லை என்பாள், ஒரு நாள் பைப் ஒழுகுகிறது என்பாள். காரணம் கிடைக்காத நாளில் சும்மாவே திட்டுவாள். எல்லாம் இங்கத்து இந்தியில்தான். இந்தத் தீவுக்கு வந்த மூன்று வருடத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. திருச்சியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். அங்கே வராந்தாவில் குரல் உயர்ந்தாலே முட்டி போட வேண்டும். நாலு பேர் முன்னால் புருஷனை வா, போ என்கிறவளை அதுவரை நான் பார்த்ததில்லை.

கமலேஷ் டாக்சி ஓட்டுகிறவர். ஒரு நாள் ரம்மைக் குடித்துவிட்டு, மகளையும் ஏற்றிக்கொண்டு, வண்டியைக் கரும்பு வயல் வாய்க்காலில் இறக்கிவிட்டார். குழந்தைக்கு நெற்றியில் தையல். அன்றோடு குடியை நிறுத்தினார். ஏழு வாரம் ஆகிறது. இன்னொரு தடவை தொட்டால் மகளோடு ஆக்லாந்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று நந்திதா சொல்லியிருந்தாள். வெறும் மிரட்டல் இல்லை. தலைநகர் சுவாவில் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பார்லிமென்டுக்குள் புகுந்து இந்தியப் பிரதமரைச் சிறைபிடித்ததிலிருந்து, எங்கள் ரராவாயில் இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆண்கள் எங்கள் ஷெட்டில் கூடுவது எனக்காகத்தான். என் வீட்டுக்காரர் கதிரேசன் சர்க்கரை மில்லில் எஞ்சினியர். மாலை ஷிப்ட் என்றால் வரப் பத்து மணியாகும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறேன் என்று, பக்கத்து வீட்டு பல்ராம்தான் காவலுக்கு ஆட்களைச் சேர்த்தார். நாலு மணிக்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து வைத்த பேசினைச் சுற்றி உட்காருவார்கள். ஒரே சிரட்டை, கை தட்டி வாங்கி ஒவ்வொருவராகக் குடிப்பார்கள். அதைக் குடி என்று யாரும் சொல்வதில்லை. நாக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான். கமலேஷ் அதற்குத்தான் வருவார்.

அது முடிந்ததும் அந்தக் கசப்பைக் கழுவ பீர் வேண்டும். அதற்குப் பெயரே வாஷ்டவுன். ஆறு மணிக்கு மேல் ஃபிரிட்ஜிலிருந்து நான் எடுத்துத் தருவேன். காவல் இருக்கிறவர்களுக்கு வேறு என்ன செய்ய முடியும்?

நந்திதா பீரைக் கொட்டிய அன்று மதியம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இந்தியர் வீட்டுக் கூரையில் கல் விழுந்ததாகச் செய்தி வந்தது. ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன். பீர் முன்னாலேயே போனால் இவர்கள் இடத்தைவிட்டு நகரமாட்டார்கள் என்று தோன்றியது. ஐந்தரைக்கே பாட்டில்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பல்ராம் எல்லாருக்கும் ஊற்றினார். கமலேஷ் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“ஒண்ணு குடிச்சா ராணியம்மா தூக்குல போட்டுடுமா?” என்றார் பல்ராம்.

கமலேஷ் கிளாஸை வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. நான் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நந்திதா வரும்வரை அரை மணி நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

இவ்வளவு கட்டுப்பாடுள்ள மனிதரைப் போய் இப்படி அவமானப்படுத்துகிறாளே என்று எனக்கு ஆறவில்லை. இன்று கேட்டுவிடுவது என்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்பக்கமாகப் போனேன். சொல்ல வேண்டியதை வழியிலேயே அடுக்கிக்கொண்டேன். கத்தினால் எந்த மனிதனும் திருந்தமாட்டான். நாம் மரியாதை கொடுத்தால்தான் அவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வரும். கோபப்படாமல், நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

கமலேஷ் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அப்படியும் தோள் நடுங்கியது. நந்திதா அவர் காலடியில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள். ஷெட்டில் கேட்ட குரலே இல்லை.

“என்னால முடியலைங்க. ஊரே என்னைப் பேய்னு பேசுது. நீங்களே எந்திரிச்சு வந்துடக் கூடாதா?”

“நானா எந்திரிச்சா உக்கார வெச்சு ஊத்துவாங்க, நந்து. நீ வந்து கத்தினாத்தான் விடுறாங்க.”

“அப்ப போகாமலே இருங்க.”

“அந்த அண்ணி பச்சைப்பிள்ளையை வெச்சுக்கிட்டுப் பயந்து கிடக்கிறாங்க. அவங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இல்லாட்டியும் ஆறு வரைக்குமாவது இருக்கேன்.”

நான் ஜன்னலைவிட்டு ஒதுங்கி நின்றேன். பிறகு கமலேஷ் சொன்னது கேட்டது.

“நாளையிலேருந்து அஞ்சரைக்கே வந்துடு. அண்ணி இப்போ பாட்டிலைச் சீக்கிரமே கொண்டு வந்துடறாங்க.”